ஜப்பானிய வாளின் மூக்கு: யோகோதே கோடு அழிந்தால் என்ன போகும்?

மழைக்கால_தவளை எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக இயாய்தோ, அதாவது உறையில் இருந்து வாளை உருவி வீசும் ஜப்பானியக் கலை, பழகுகிறேன். என்னிடம் இருப்பது அந்தப் பயிற்சிக்கான வாள், இயாய்த்தோதான், துத்தநாகமும் அலுமினியமும் கலந்தது, கூர் கிடையாது. போன வாரம் உறையில் போடும்போது முனைக்குப் பக்கத்தில் ஒரு கீறல் விழுந்தது. சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் இருந்த உப்புத்தாளை எடுத்து இரண்டு நாள் தேய்த்தேன், அப்புறம் அம்மா குத்துவிளக்குக்குப் போடுகிற பசையைப் போட்டுத் துலக்கினேன். கீறல் போய்விட்டது, கூடவே முனைக்குக் கீழே வாளின் குறுக்கே இருந்த கோடும் போய்விட்டது. அந்த இடம் இப்போது கொஞ்சம் மங்கலாகவும் இருக்கிறது.

வகுப்பில் ஆசான் வாளை வாங்கிப் பார்த்துவிட்டு "யோகோதே எங்கே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

கேள்வி இரண்டு. அந்தக் கோடு அழகுக்கா, அதற்கு வேலை ஏதும் உண்டா? அடுத்து, முனையில் சின்னது, நடுத்தரம், பெரியது, பன்றிக் கழுத்து என்று ஏதேதோ சொல்கிறார்கள். ஒரு இடத்தில் சென்டிமீட்டரில் அளவு சொல்கிறான், இன்னொரு இடத்தில் விகிதம் என்கிறான். எது சரி?

கருக்கரிவாள் எழுதியது:

தம்பி, உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் :)

பழையவாள் எழுதியது:

முதலில் ஆறுதல். உன்னுடையது இயாய்த்தோ. அந்த வகை வாள்களில் பெரும்பாலும் அந்தக் கோடு வெறும் தோற்றம்தான், முனைப் பகுதியை வேறு மாதிரி தேய்த்து, வெளிச்சம் மாறுகிற இடத்தில் கோடு போலக் காட்டுவார்கள். மங்கலாகத் தெரிவது மேல்பூச்சு போய் அடியில் இருக்கும் கலவை எட்டிப் பார்ப்பது. வாளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உண்மையான வாளில் கதை வேறு. நான் ஒகாயாமா மாநிலத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன், ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகம் பக்கத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை போக வேறு இடமும் கிடையாது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

முனை முழுவதுக்கும் பெயர் கிஸ்ஸாகி. வாளை நம் அரிவாள் மாதிரி நினைத்துக்கொள், வெட்டுகிற பக்கம் வாய், எதிர்ப் பக்கம் முதுகு. ஜப்பானியர்கள் முதுகை முனே என்பார்கள். வாயும் முதுகும் போக, வாளின் இரண்டு பக்கவாட்டிலும் நீளவாக்கில் ஒரு வரப்பு ஓடும், அதுதான் ஷினோகி. வரப்பு என்று சும்மா சொல்லவில்லை, வயலில் இரண்டு மட்டம் சந்திக்கும் இடத்தில் வரப்பு இருப்பது போலத்தான், இரும்பின் இரண்டு தளங்கள் அங்கே சந்திக்கின்றன. இந்த ஷினோகி முனையை நெருங்கும்போது அதிலிருந்து வாய் வரை குறுக்கே ஒரு கோடு இறங்கும். அதுதான் நீ அழித்த யோகோதே. அதைத் தாண்டியதும் ஷினோகி திசை மாறி முதுகைப் பார்த்துச் சாயும், அந்தத் துண்டுக்கு கோ-ஷினோகி, சின்ன வரப்பு என்று பெயர். ஷினோகி, கோ-ஷினோகி, யோகோதே மூன்றும் முட்டுகிற புள்ளி மித்சுகாடோ, அதாவது மூன்று மூலை. ஒரு வாளின் முனையைப் பார்த்த உடனே என் கண் போவது அந்த மூலைக்குத்தான். அது ஊசி போலக் கூராக இருந்தால் மெருகிட்டவர் கை சுத்தம். மழுங்கிக் கிடந்தால் யாரோ கண்டபடி தேய்த்திருக்கிறார்கள்.

வாய் யோகோதேயில் இருந்து நுனி வரை வளைந்து ஏறுகிறதே, அந்த வளைவு ஃபுகுரா. வயிறு போல உப்பி இருந்தால் ஃபுகுரா நிறைந்தது. வளைவு குறைந்து கிட்டத்தட்ட நேராகப் போனால் ஃபுகுரா கரேரு என்பார்கள். கரேரு என்றால் வாடுவது, செடி வாடுவதற்குச் சொல்கிற அதே சொல். முனை வாடிவிட்டது என்று ஒரு இரும்பைப் பார்த்துச் சொல்லத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

ஆக யோகோதேயைக் கோடு என்று சொல்வதே பாதிப் பொய். உடலின் தளம் முடிந்து முனையின் தளம் தொடங்கும் எல்லை அது. தேய்த்தால் அந்த எல்லை உருண்டுவிடும், வாளின் வடிவமே குழம்பும். மலிவு நகல் வாளா என்று பார்க்க, விரலால் தொடாமல், விளக்கின் பிரதிபலிப்பை உடலில் இருந்து முனைக்கு நகர்த்திப் பாருங்கள். நிஜ யோகோதேயில் அந்த வெளிச்சக் கோடு சட்டென்று ஒடியும். போலியில் ஒடியாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

சந்தேகச்_சாமி எழுதியது:

யோகோதே இல்லாத வாளே கிடையாதா? நான் பார்த்த சின்னக் கத்தி ஒன்றில் அது இல்லை.

பழையவாள் எழுதியது:

உண்டு. டான்டோ எனும் குறுங்கத்திகளில் பெரும்பாலானவை ஹிரா-சுகுரி, பக்கவாட்டில் வரப்பே இல்லாத தட்டை உடல். வரப்பு இல்லை என்றால் யோகோதேக்கும் இடமில்லை. ஷோபு-சுகுரி என்று இன்னொன்று, ஷோபு எனும் வசம்புச் செடியின் இலை போல. அதில் ஷினோகி இருக்கும், ஆனால் எங்கும் முறியாமல் நேரே நுனி வரை ஓடிவிடும்.

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

ஒரு நிமிடம். இணையத்தில் விற்கிற கத்திகளில் டான்டோ முனை என்று போட்டு, உளி மாதிரி கோணலாக வெட்டி, நடுவில் பட்டையாக மூலை வைத்திருப்பார்களே. அதுதானே ஜப்பானிய டான்டோ?

பழையவாள் எழுதியது:

அது 1980களில் அமெரிக்கக் கத்திச் சந்தையில் பிரபலமான வடிவம். கத்தனா எனும் நீண்ட வாளின் யோகோதேயைப் பார்த்து அதை ஒரு கூர்மையான மூலையாக்கி, ஃபுகுராவை நேர்கோடாக்கி, டான்டோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிஜ டான்டோவில் அந்த மூலையே கிடையாது. கெட்ட கத்தி என்று சொல்லவில்லை, பெயர்தான் தப்பு.

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

போச்சு. அதில் ஒன்றை வாங்கி வைத்து ஊரெல்லாம் சாமுராய் கத்தி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழையவாள் எழுதியது:

சரி, வகைகளுக்கு வருகிறேன். தவளை கேட்ட சென்டிமீட்டர் விவகாரம். என் கணக்கு இது: யோகோதேயில் வாள் எவ்வளவு அகலம் என்று பார், யோகோதேயில் இருந்து நுனி வரை எவ்வளவு நீளம் என்று பார், இரண்டையும் ஒப்பிடு. இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் போனால் பெரிய முனை என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதே, ஏனென்றால் குட்டை வாளில் பெரியதாகத் தெரியும் முனை நெட்டை வாளில் சாதாரணம்.

கோ-கிஸ்ஸாகி, சின்ன முனை. ஹெயான் காலத்தின் கடைசியிலும் காமகுரா காலத்தின் தொடக்கத்திலும், அதாவது 12ஆம் நூற்றாண்டை ஒட்டி, வந்த தாச்சி எனும் நீண்ட வளைந்த வாள்களில் இருப்பது. அடியில் அகலமாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, பிடிக்குப் பக்கத்திலேயே வளைவு ஆழமாக விழுந்து, கடைசியில் ஒரு சின்ன மூக்கு. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் முனெச்சிகா என்ற கொல்லர் செய்த மிகாசுகி, யாசுத்சுனா என்பவர் செய்த டோஜிகிரி என்று இரண்டு வாள்கள் இருக்கின்றன, இரண்டும் நீளம் 80 செ.மீ. சுற்று. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் உடலைத்தான் முதலில் பார்ப்போம், முனையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு அடக்கம்.

இகுபி-கிஸ்ஸாகி, காட்டுப்பன்றிக் கழுத்து. காமகுராவின் நடுப்பகுதி, 13ஆம் நூற்றாண்டு. வாள் மேல்வரை அகலம் குறையாமல், தடிமனாக வந்து, திடீரென்று குட்டையாக முடியும். முனையின் நீளத்தைவிட அகலம் அதிகம். பன்றிக்குக் கழுத்து இருப்பதே தெரியாதே, அதுபோல. பலருக்கு இது அழகில்லை, எனக்கு இதுதான் பிடிக்கும், சண்டைக்கு நிற்கிறவன் தோளை உயர்த்தியது போல இருக்கும்.

சூ-கிஸ்ஸாகி, நடுத்தரம். எந்த அலமாரியிலும் அதிகம் பார்ப்பது இதுதான். முரோமாச்சி காலத்திலும் அப்புறம் 1661 முதல் 1673 வரையான கான்புன் காலத்திலும் பொது வழக்கம். சொல்ல அதிகமில்லை.

ஓ-கிஸ்ஸாகி, பெரிய முனை. 1336 முதல் 1392 வரை இரண்டு அரசவைகள் மோதிக்கொண்ட நான்போகுசோ காலம். 90 செ.மீ.க்கு மேல் நீண்ட ராட்சச வாள்களும் அப்போதுதான். அகலமான உடல், நீண்டு போகும் முனை. இதைப் பற்றி ஒரு தனிக் கதை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இதற்கெல்லாம் முந்தியது கமாசு-கிஸ்ஸாகி, ஃபுகுரா இல்லை என்றே சொல்லலாம், வாய் நேராகப் போய்ச் சரிவாக வெட்டினது போல முடியும். வாள் வளையத் தொடங்கும் முன் வந்த நேர்வாள்களில் பார்க்கலாம். கமாசு என்பது ஒரு மீன்.

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

சீலா மீன்! படம் தேடிப் பார்த்தேன், எங்கள் ஊரில் ஏலக் கூடத்தில் குவிந்து கிடக்கும் அதே சீலா. தலை கூர்ந்து நீண்டு, தாடை நேராக. இனி இந்த ஒரு பெயரை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

மழைக்கால_தவளை எழுதியது:

பன்றிக் கழுத்து முனை மங்கோலியப் படையெடுப்பில் உடைந்து உடைந்து போனதால்தான் கைவிட்டார்கள் என்று படித்தேன். சரியா?

பழையவாள் எழுதியது:

1274, 1281 ஆகிய இரண்டு படையெடுப்புகளை வைத்துச் சொல்லும் கதை. குட்டை முனையில் நுனி உடைந்தால் திரும்பச் செதுக்க இரும்பு மிச்சமில்லை, வாளின் நீளவாக்கில் செதுக்கும் ஹி எனப்படும் பள்ளம் வேறு முனைக்குள் ஏறி நிற்கும், செதுக்கினால் பள்ளத்தின் தலையே வெட்டுப்படும். அதனால் அடுத்து வந்தவர்கள் முனையை நீட்டினார்கள் என்பார்கள்.

சந்தேகச்_சாமி எழுதியது:

இந்த மாதிரி ஒரே போரில் ஒரு வடிவம் ஒழிந்து அடுத்தது பிறந்தது என்று சொன்னாலே எனக்குச் சந்தேகம். எத்தனை வாள் உடைந்தது என்று யாரும் எண்ணி வைத்தார்களா?

பழையவாள் எழுதியது:

எண்ணவில்லை. குட்டை முனையைச் செதுக்குவது கஷ்டம் என்பது வாளைப் பார்த்தாலே தெரிகிற விஷயம், அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மங்கோலியர்தான் காரணம் என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்துக் கட்டியது போலத்தான் எனக்கும் படுகிறது. போர் முறை, குதிரை, கவசம் எல்லாம் மாறிய நூறு வருடம் அது.

கருக்கரிவாள் எழுதியது:

ஒரு சந்தேகம். எங்கள் குடும்பமே கொல்லுப்பட்டறை, அப்பா இன்னும் அரிவாள் அடிக்கிறார். அரிவாளின் மூக்கு உடைந்தால் மூக்கைத் தேய்த்துச் சின்னதாக்கிக் கொடுத்துவிடுவோம், வாய்க்கு மறுபடி தோய்ச்சல் போட்டால் சரியாகிவிடும். வாளுக்கும் அதைச் செய்ய வேண்டியதுதானே, ஏன் இவ்வளவு அலப்பறை?

பழையவாள் எழுதியது:

அண்ணே, நீங்கள் கேட்டது இந்த இழையிலேயே நல்ல கேள்வி. அங்கேதான் போஷி வருகிறது.

தோய்ச்சலுக்கு முன்னால் வாள் முழுவதும் களிமண் பூசுவார்கள், முதுகுக்குத் தடிமனாக, வாய்க்கு மெல்லிசாக. காய்ச்சித் தண்ணீரில் இறக்கியதும் மெல்லிசாகப் பூசின இடம் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகும், தடிமனான இடம் நிதானமாகக் குளிர்ந்து மென்மையாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாகத் தெரியும் எல்லைதான் ஹாமோன். அந்த ஹாமோன் யோகோதேயைத் தாண்டி முனைக்குள் போனபிறகு அதற்குப் பெயர் போஷி, தொப்பி என்று அர்த்தம். தொப்பி வளைந்து நுனியைச் சுற்றி முதுகுப் பக்கம் திரும்புகிறதே, அந்தத் திரும்பல் கயேரி.

இப்போது நுனி உடைந்தது, தேய்த்தீர்கள் என்று வையுங்கள். தேய்க்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்தக் கெட்டியான பட்டையில் இருந்துதான் போகிறது. பட்டை தீர்ந்து போனால் நுனியில் இருப்பது மென்மையான இரும்பு, போஷி இல்லாத வாள். மறுபடி தோய்ச்சல் போடலாம், ஆனால் அது முனைக்கு மட்டும் ஆகிற வேலை இல்லை, பழைய ஹாமோன் அழிந்து புதியது வரும். அங்கே அதற்கு சைஹா என்று பெயர். வாள் சேகரிப்பவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் முகம் சுருங்கும், ஏனென்றால் பழைய கொல்லனின் கைவேலை போய்விட்டது என்று பொருள். அரிவாளுக்கு நாம் அப்படிப் பார்ப்பதில்லை, அது வேலை செய்தால் போதும்.

இதனால்தான் நெட்டை வாளைக் குட்டையாக்க நினைத்தவர்கள் ஒருபோதும் முனையில் கை வைக்கவில்லை, பிடிக்குள் போகும் வாலை, நாகாகோவை, வெட்டினார்கள். சுரிஆகே என்பது இதுதான். வாலில் செதுக்கியிருக்கும் கொல்லனின் கையெழுத்து போனாலும் போகட்டும், முனை போகக் கூடாது. இப்போது அந்த ஓ-கிஸ்ஸாகி கதை. நான்போகுசோ ராட்சசர்களை அடியில் வெட்டி இடுப்பில் செருகும் அளவாக்கியபோது, உடல் குட்டை, முனை மட்டும் பழைய பெருமையோடு அப்படியே. அந்தப் பொருந்தாத பொருத்தம் பார்க்க நன்றாக இருந்தது போல, 1596க்குப் பிறகு வந்த கெய்சோ காலத்துக் கொல்லர்கள் புதிதாகச் செய்யும்போதே அந்த விகிதத்தைக் காப்பியடித்தார்கள். அதாவது வெட்டுப்பட்ட வாளைப் பார்த்து வெட்டுப்படாத வாள் செய்தார்கள். அதற்குச் சற்று முன்னாலேயே குனிஹிரோ என்ற கொல்லர் 1590இல் செய்த யமான்பாகிரி எனும் வாள் நல்ல எடுத்துக்காட்டு, 70.6 செ.மீ., ஒசாஃபுனேக் கொல்லர் சோகி செய்து, பின்னால் வாலை வெட்டிக் குட்டையாக்கிய வாள் ஒன்றைப் பார்த்துச் செய்தது, அந்த அசல் இப்போது நாகோயாவில் டோகுகாவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னால் 19ஆம் நூற்றாண்டில் கியோமாரோ போன்ற கொல்லர்கள் மறுபடி பெரிய முனை செய்தார்கள், அவருடையதில் ஃபுகுரா வாடி, முனை இன்னும் கொடூரமாகத் தெரியும்.

கருக்கரிவாள் எழுதியது:

புரிந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மூக்குல மண்ணு பூசுறதுதான் கஷ்டம், மெல்லிசான இடம், சூடு சீக்கிரம் ஏறிடும்" என்றார். அவர் ஜப்பானையும் பார்த்ததில்லை, வாளையும் பார்த்ததில்லை.

பழையவாள் எழுதியது:

அவர் சொன்னதுதான் விஷயமே. முனையில் சூடு தவறுவது சுலபம், அதனால் போஷியைப் பார்த்தால் கொல்லனின் கை தெரியும் என்று வாளை ஆராய்பவர்கள் அதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நாகாகோவை மூடிவைத்துவிட்டு வாளை மட்டும் கொடுத்து, யார் செய்தது என்று எழுதிப் போடச் சொல்லும் கூட்டங்கள் அங்கே நடக்கும். நான் இரண்டு முறை உட்கார்ந்து இரண்டு முறையும் தப்பாக எழுதினேன், ஆனால் போஷி வகைகள் அங்கேதான் மண்டையில் ஏறின.

சும்மா சின்ன வட்டமாகத் திரும்பினால் கோ-மாரு. திரும்பாமலே முதுகில் முட்டி நின்றால் யாகிசுமே, யமாதோ பகுதி வழிக் கொல்லர்களிடம் நிறையப் பார்க்கலாம். துடைப்பத்தால் பெருக்கியது போலக் கோடுகள் சிதறினால் ஹாகிகாகே, அதுவே கொழுந்துவிட்டு எரிந்தால் காயென், தீ. முனை முழுவதும் கெட்டியாகிவிட்டால் இச்சிமாய், கோ யோஷிஹிரோ என்ற கொல்லர் அதற்குப் பேர்போனவர். மினோ பகுதிக்காரர்களின் ஜிசோ எனக்குப் பிடித்தது: ஜப்பானில் தெருவோரம் மொட்டைத் தலையோடு நிற்கும் க்ஷிதிகர்ப போதிசத்துவர் சிலை இருக்கிறதே, அதைப் பக்கவாட்டில் பார்த்தால் தலை, கழுத்து, தோள் தெரியும் அல்லவா, போஷி அச்சாக அப்படி இருக்கும். ஒருவர் வாளை விளக்குக்கு நேரே சாய்த்துக் காட்டி "கழுத்து தெரிகிறதா" என்றார், பத்து நிமிடம் தெரியவே இல்லை, தெரிந்த பிறகு வேறு எதுவும் தெரியவில்லை.

ஒசாஃபுனேயில் நாகாமித்சு, காகேமித்சு, சானேநாகா என்ற மூன்று கொல்லர்களுக்கும் பொதுவான ஒரு பாணி உண்டு, சன்சாகு போஷி என்பார்கள், மூவர் தொப்பி. ஹாமோன் யோகோதேயைத் தாண்டியும் அலட்டிக்கொள்ளாமல் லேசாக நெளிந்து போய் நுனியில் சின்னதாகத் திரும்பும்.

சந்தேகச்_சாமி எழுதியது:

அப்படியானால் நுனி உடைந்து, தேய்த்து, கயேரி போய்விட்ட வாளை யாகிசுமே என்று தலையில் கட்டிவிடலாமே?

பழையவாள் எழுதியது:

சாமி, உங்கள் சந்தேகம் இந்த முறை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கட்டுவார்கள். கண்டுபிடிக்க, போஷியை மட்டும் பார்க்காமல் கோ-ஷினோகியின் நீளத்தையும் பள்ளம் இருந்தால் அதன் தலையையும் பார்க்க வேண்டும். பள்ளத்தின் தலைக்கும் கோ-ஷினோகிக்கும் நடுவில் சீராக ஒரு இடைவெளி இருக்கும். அது நெருங்கி மூச்சு முட்டினால், அந்த முனை ஒரு காலத்தில் இன்னும் நீளமாக இருந்தது.

சந்தேகச்_சாமி எழுதியது:

அப்புறம் இரண்டு பக்கமும் வாய் உள்ள வாள் ஒன்று, கோகராசு ஏதோ?

பழையவாள் எழுதியது:

கோகராசு-மாரு, சின்னக் காகம். பேரரசர் குடும்பச் சேகரிப்பில் இருக்கிறது, சுமார் 62.7 செ.மீ. முனைக்கு மட்டுமல்ல, உடலின் பாதிக்கு மேல் முதுகிலும் வாய் உண்டு. கிஸ்ஸாகி-மொரோஹா என்று அதற்குத் தனிப் பெயர். நேர்வாளில் இருந்து வளைந்த வாளுக்கு மாறிய காலத்துப் பிறவி என்று சொல்வார்கள்.

பட்டாளத்தார்_பேரன் எழுதியது:

இவ்வளவு நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இன்று வயிற்றைக் கலக்குகிறது. என் தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர், 1945இல் மலாயாவில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரியின் வாளாக அவருக்குக் கிடைத்தது, பரணில் கிடந்தது. நுனி கொஞ்சம் உடைந்திருந்தது. போன மாதம் டவுனில் ஒரு சாணைக் கடையில் கொடுத்தேன். அவர் சக்கரத்தில் வைத்துச் சமையல் கத்தி மாதிரி நுனியை உருட்டிக் கொடுத்துவிட்டார். இப்போது யோகோதே எதுவும் தெரியவில்லை. நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு நீலமும் ஊதாவும் கலந்த நிறம் ஓடுகிறது, நான் அதை அழகு என்று நினைத்தேன்.

கருக்கரிவாள் எழுதியது:

நீலம் என்றால் சூடு முந்நூறு டிகிரி வரை போயிருக்கிறது தம்பி. பதம் இறங்கிவிட்டது. தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தியிருப்பார். பட்டறையில் சின்னப் பையன் அப்படிச் செய்தால் அப்பா கையில் இருப்பதை எடுத்து எறிவார்.

பழையவாள் எழுதியது:

பதறாதீர்கள், முதலில் அது என்ன வாள் என்று பார்ப்போம். பிடியில் ஒரு மூங்கில் ஆணி இருக்கும், அதைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றி, நாகாகோவைப் படமெடுத்துப் போடுங்கள். அதில் இருக்கும் துருவைத் தயவுசெய்து தொடாதீர்கள், உப்புத்தாள் வீட்டில் இருந்தால் தெருவில் எறிந்துவிடுங்கள் (தவளை, கோபித்துக்கொள்ளாதே). ராணுவ உறைக்குள் ஐநூறு வருட வாள் இருந்ததும் உண்டு, குடும்ப வாளைப் போருக்கு எடுத்துப் போனவர்கள் இருந்தார்கள். பட்டறையில் மொத்தமாகச் செய்து எண்ணெயில் இறக்கியதும் உண்டு.

பட்டாளத்தார்_பேரன் எழுதியது:

கழற்றினேன். ஆணி வர ஒரு மணி நேரம் ஆனது. வால் அதிகம் துருவில்லை, சாம்பல் நிறமாகச் சீராக இருக்கிறது. செதுக்கிய எழுத்து நாலைந்து. அதற்கு மேலே வட்டத்துக்குள் ஒரு எழுத்து முத்திரையாகக் குத்தியிருக்கிறது. படம் போட்டிருக்கிறேன்.

பழையவாள் எழுதியது:

அந்த வட்ட முத்திரை ஷோவா காலத்துப் பரிசோதனை முத்திரை, செகி ஊர்ப் பட்டறைகளின் வாள்களில் வருவது. பழைய முறைப்படி மடித்து அடித்துத் தண்ணீரில் தோய்த்த வாள் இல்லை. 1940ஐ ஒட்டிய ராணுவத் தயாரிப்பு. நீங்கள் ஒரு காகேமித்சுவின் தொப்பியைக் கழற்றிவிடவில்லை, அந்தக் கவலையை விடலாம்.

அதற்காக நஷ்டமில்லை என்று சொல்ல மாட்டேன். முனை முனைதான், நீலம் நீலம்தான். வேறு யாரிடமும் கொடுத்துச் சரிசெய்யாதீர்கள். தொழில்முறை மெருகாளர் ஒருவர் முனையை எப்படிச் செய்வார் தெரியுமா? உடலை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் முனைக்கு வருவார். மூங்கில் பட்டையை அளவுகோல் போலப் பிடித்து யோகோதேயை நிறுத்துவார். அப்புறம் நாருமே-தாய் என்று ஒரு சின்ன மரக்கட்டை, அதில் வரிசையாகப் பிளவு அறுத்திருப்பார்கள், அழுத்தினால் அது ஸ்பிரிங் போல லேசாக அமுங்கும். அதன் மேல் காகிதம், காகிதத்தின் மேல் நகம் போல மெல்லிய கல் துண்டு. அதில் முனையைக் குறுக்குவாக்கில், நீளவாக்கில் அல்ல, தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக மூடுபனி போல ஆக்குவார். ஒசாஃபுனேயில் ஒருவர் செய்வதை நின்று பார்த்தேன். அரை மணி நேரத்தில் அவர் கை நகர்ந்த தூரம் என் கட்டைவிரல் நீளம் இருக்காது. உங்கள் வாளுக்கு அந்தச் செலவு நியாயமில்லை. எண்ணெய் தடவி, ஈரம் படாமல் வைத்துவிடுங்கள்.

பட்டாளத்தார்_பேரன் எழுதியது:

தேங்காய் எண்ணெய் போடலாமா?

கருக்கரிவாள் எழுதியது:

வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, துணியில் ஒற்றி.

மழைக்கால_தவளை எழுதியது:

என் வாளுக்கு ஒரு முடிவு. ஆசானிடமே கேட்டேன். யோகோதே இருந்த இடத்துக்குக் கீழே ஒட்டுநாடா ஒட்டி, மிக நைசான உப்புத்தாளால் முனையை மட்டும் குறுக்குவாக்கில் தேய்க்கச் சொன்னார். ஆமாம், உப்புத்தாள்தான், இந்த முறை அவர் கொடுத்தது. நாடாவைப் பிரித்ததும் கோடு வந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கிறது. ஆசான் வாளை நிமிர்த்தி, விளக்கில் திருப்பி, மித்சுகாடோ இருக்க வேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். அது பாராட்டா திட்டா என்று இன்னும் தெரியவில்லை.

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

திட்டுதான்.